மடையில் நின்ற காலை

அன்புள்ள மாறன்,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் காலில் மட்டும் இன்னும் கட்டு. போனில் சொன்னால் நீங்கள் பேசாமலிருப்பது எனக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

ஆங்கிலத் தேர்வுக்கு நான் போகவில்லை.

படிக்காமல் இல்லை. கூத்தாநல்லூர் வகுப்பில் பர்வின் அக்கா திருத்தியதெல்லாம் ஒரே பிழையைத்தான். ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங்’. நடப்பதும் சாப்பிடுவதும் நடந்துகொண்டிருக்கும் வேலை. தெரிவது, பிடிப்பது, வேண்டும் என்பது அப்படியே இருப்பவை, அவற்றுக்கு ‘இங்’ போடாதே என்பார். வீட்டில் சொல்லிப் பார்ப்பேன். “என்னம்மா, கொசு மாதிரி நோயிங் நோயிங்குற” என்று அப்பா சிரிப்பார்.

போன வாரம் அக்கா தேர்வாளர்போல உட்கார்ந்து, அயர்லாந்துக்கு நர்ஸாக ஏன் போகிறாய் என்று கேட்டார். ‘ஐ ஆம் வாண்டிங்’ என்றேன். “‘இங்’கை வெட்டுடி. ஐ வாண்ட். அப்புறம்?” வெட்டிவிட்டேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. “புருஷன் அங்க இருக்காருன்னாவது சொல்லேன்” என்றார். சொன்னேன். பிழையில்லாமல்.

தேர்வன்று விடியும்போதே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நம்முடையது கடைமடை. நம் முறையில் மடையில் ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். சம்பாப் பயிர் வெடித்த மண்ணில் மஞ்சளாக நின்றது. தேர்வுக்குப் போட்ட சுடிதாரோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

இதோடு நிறுத்தினால் மன்னித்துவிடுவீர்கள்.

பக்கத்து வயல் நடராசன் மாமா வந்தார். “பரிச்சைன்னியே, கெளம்பு. ஒன் தண்ணிய நான் பாத்துக்கறேன். ஒரு சொட்டு திருட மாட்டேன், போ” என்றார். அவர் சொன்னால் செய்வார். தேர்வுக்கு நான் ஏற வேண்டிய திருச்சி பஸ் ரோட்டில் வந்தது, நின்றது, போனது. நான் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தேன். மாமா என்னையே பார்த்தார். பிறகு பீடியைப் பற்றவைத்தார்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வயலுக்குப் போகிறேன். திரும்புகிறேன். எனக்கென்று வாங்கி அங்கே உங்கள் அறையில் மாட்டியிருக்கிறீர்களே, அந்த நீலக் குளிர் கோட்டின் படத்தை எடுத்துப் பார்க்கிறேன். வைக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

பயிர் பச்சை பிடித்துவிட்டது.

குளிரில் காதைக் கட்டிக்கொள்ளுங்கள். இரவு வேலை முடிந்ததும் சாப்பிடாமல் படுக்காதீர்கள். தேர்வை மறுபடி எழுது என்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் போனில் வேண்டாம். தை அறுவடைக்கு வந்து, இந்த வரப்பில் நின்று சொல்லுங்கள்.

உங்கள்
இசைவாணி