முந்நூற்றெண்பது மூட்டைக் கடலை

2002 செப்டம்பர் 2, திங்கள்

செகந்திராபாத் மெட்டுகுடாவிலிருந்து பேகம் பஜார் ஆபீஸ் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். திரும்பும்போதும் அதே கதிதான். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. இருந்தாலும் காலையில் சிரித்த சிரிப்பை எழுதாமல் விடுவதாக இல்லை.

மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஃபாத்திமா மேலப்பாளையத்துப் பெண். வீட்டுக்காரருக்கு சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. முகமெல்லாம் வெளுத்துப் போய் இறங்கி வந்தாள். "அக்கா, முக்கு டிபன் கடையில இட்லிக்குப் பல்லிச் சட்னியாம்க்கா! நான் நேத்து ரெண்டு தடவ வாங்கித் தின்னுட்டேனே!" தெலுங்கில் பல்லி என்றால் கடலைதான்டி, நாம் வறுத்துத் தின்போமே அந்தக் கடலை என்று விளக்குவதற்குள் எனக்கு வயிறு வலித்துவிட்டது. அவள் பாதி நம்பினாள். புதிதாக வருகிற தமிழர்கள் எல்லாருமே இந்தச் சட்னியில்தான் முதலில் வழுக்கி விழுகிறார்கள். நாங்களெல்லாம் இங்கேயே பிறந்தவர்கள். எங்களை யார் ஏமாற்ற முடியும்?

2002 செப்டம்பர் 3

முதலாளி பத்ரிநாராயண் சேட் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இங்கே டைப் அடிக்கச் சேர்ந்த பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. கொழும்புக்குப் போகிற நம் மிளகாய், பருப்புச் சரக்கெல்லாம் பம்பாய் புரோக்கர் வழியாகத்தான் போகிறது. இலங்கையோடு வரி குறைந்த பிறகு ஆளாளுக்கு நேரடியாக விற்கிறார்கள், நாம் மட்டும் ஏன் நடுவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அங்கே ஒரு தமிழ் வியாபாரி இருக்கிறாராம். "ஆப்கோ தமிழ் ஆதா நா?"

தமிழ் வருமா என்று என்னைக் கேட்கிறார்! செகந்திராபாத்தில் பத்தாவது வரை தமிழிலேயே படித்தவள் நான். "ஹவ்", ஆமாம், என்று மட்டும் சொன்னேன்.

இது சரியாக வந்தால் கொழும்பு வேலை முழுக்க எனக்கு. வராவிட்டால் பழையபடி டைப் மிஷின்தான். சேட் சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

2002 செப்டம்பர் 4

"வணக்கம், கொழும்பில இருந்து அருணாசலம் கதைக்கிறன்."

கதை சொல்லப் போகிறாரா என்று ஒரு நொடி விழித்தேன். என்ன அழகான தமிழ் அந்த மனிதருக்கு! புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் கிளிநொச்சிப் பக்கம். சண்டையில் எல்லாம் போய்க் கொழும்புக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். ஐந்தே நிமிஷத்தில் நான் தங்கச்சி, அவர் அண்ணன்.

"கடலை வேணும் தங்கச்சி. ஒரு கண்டெய்னர். நவராத்திரிக்கு முதல் இஞ்ச வந்து சேரோணும்."

"தோலோடவாண்ணே, தோல் இல்லாமயா?"

"தோலோடதான். தோல் இல்லாட்டி அது என்ன கடலை!"

"வறுக்கவா, அவிக்கவா?"

"அவிக்கத்தான். பூசைக்கெல்லோ. பெரிசா, பூச்சி இல்லாமல் பாத்து அனுப்புங்கோ."

வியாபாரத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் நான் பாக்கி வைக்கவில்லை. சேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

2002 செப்டம்பர் 5

ஆர்டர் ஃபேக்ஸில் வந்தது, அண்ணன் கையாலேயே தமிழில் எழுதி. நானும் தமிழிலேயே பதில் எழுதி அனுப்பினேன். "கடலை, முதல் தரம், தோலோடு, 380 மூட்டை." இங்கிலீஷ் காகிதங்கள் பின்னால் கூரியரில் போகும்.

2002 செப்டம்பர் 12

வனபர்த்தியிலிருந்து சரக்கு வந்து இறங்கியது. மூட்டை மூட்டையாகக் கை விட்டுப் பார்த்தேன். ரோஜா நிறத் தோல், ஒரு சொத்தை இல்லை. பிள்ளையார் கரைக்கிற ஊர்வலத்துக்கு ரோட்டை மூடுவதற்குள் லாரி ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்று டிரைவரைப் பிடித்து விரட்டினேன். தூத்துக்குடி போய்ச் சேர மூன்று நாள். அங்கிருந்து கப்பலுக்கு ஒரே ராத்திரி.

2002 செப்டம்பர் 20

கப்பல் ஏறிவிட்டது. இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ராஜகோபாலுக்கு ஒர்க் ஷாப் தவிர உலகத்தில் எதுவும் கிடையாது. "ஆங்" என்றார்.

2002 செப்டம்பர் 23, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு அண்ணன் போன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "என்ன பிள்ளை இது? கதவைத் திறந்தால் முழுக்கக் கச்சானாய்க் கிடக்குது!"

"கச்சான்னா என்னண்ணே?"

"வறுத்துப் பேப்பரில சுருட்டி விப்பாங்களே, அது."

"அதுதானேண்ணே கடலை!"

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, கடலையெண்டால் சுண்டல் அவிக்கிறது. கோயில்ல குடுக்கிறது. இருபத்தொரு கடைக்கும் ஆறு பள்ளிக்கூடத்துக்கும் தாறனெண்டு சொல்லி வச்சிருக்கிறன். இஞ்ச வந்த பிறகு இதுதான் என்ர முதல் பெரிய வியாபாரம்."

கொண்டைக்கடலை! அந்த மனுஷன் கேட்டது கொண்டைக்கடலை. எங்க வீட்ல அதுக்குப் பேரே சுண்டல்தான், வெறும் கடலைன்னு யாரும் சொன்னதே இல்ல. திண்டுக்கல்லில் இருந்து வந்த அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். எனக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். தமிழ் பேசுகிறோம் என்ற குஷியில் ரெண்டு பேருமே எழுதவில்லை. கூரியர் போய்ச் சேருவதற்குள் கப்பல் போய்விட்டது.

சாயங்காலம் இவரிடம் சொல்லி அழுதேன். "எங்க ஆற்காட்டுப் பக்கம் நீ அனுப்பின கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு" என்கிறார். "கல்யாணமான புதுசுல நீ கடலை வாங்கிட்டு வான்னு சொன்ன. நான் பொட்டுக்கடலை வாங்கிட்டு வந்தேன். மூணு நாள் என்கூட நீ பேசல, ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருக்கிறது. ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படி. கடல் தாண்டிப் போகும்போது ஏன் எனக்குத் தோன்றவில்லை? ஃபாத்திமாவைப் பார்த்துச் சிரித்த வாய் இது.

2002 செப்டம்பர் 24

சேட் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் எழுதிய ஃபேக்ஸை எடுத்து மேசையில் விரித்தார். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" கடலை என்றேன். "உங்கள் வீட்டில் கடலை என்றால் என்ன?" மூங்ஃபலி என்றேன்.

"பஸ், போதும். அதையே இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போடு. பணத்தைப் பிடித்து வைத்திருக்கிற பேங்குக்கு அனுப்பலாம். அவன் கேட்டதைத்தான் நாம் கொடுத்திருக்கிறோம். சரக்கை எடுத்துத்தான் தீர வேண்டும்."

இந்த ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் எழுதினால் அதுதான் அர்த்தம்.

நாளை மறுநாள் வரை டைம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

2002 செப்டம்பர் 25

ஃபாத்திமா தமிழ் பி.ஏ. அவளிடம் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி இருக்கிறது. கடலை என்ற சொல்லுக்கு அதில் முதலில் இருப்பது கொண்டைக்கடலை. நம்முடையது இரண்டாவதாகத்தான் வருகிறது.

"நிலக்கடலைன்னுதானக்கா முழுப் பேரு" என்றாள் ஃபாத்திமா. நிலத்துக்குள்ளே காய்க்கிற கடலை. அப்படியானால் செடியின் மேலே காய்க்கிற கடலை ஒன்று அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்தது அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது. அண்ணன் சொன்னதுதான் மூத்த சொல். என் தமிழும் தப்பில்லை. ஆனால் சேட் கேட்கிறபடி எழுதினால் அது தப்பு. அவர் பொய் எழுதச் சொல்லவில்லை, பாதியை மட்டும் எழுதச் சொல்கிறார். அதுதான் இன்னும் மோசம்.

கொழும்பு வேலை போய்விடும். நன்றாகத் தெரிகிறது. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு நாற்காலி கிடைத்தது. மூன்று வாரம்தான் ஆகிறது. எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கும் தெரியும்.

2002 செப்டம்பர் 26

மூன்று வரி டைப் செய்தேன். கடலை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. எழுதியவர் ஊரில் அது கொண்டைக்கடலை, என் வீட்டில் நிலக்கடலை. எது என்று நான் கேட்கவில்லை. கீழே மங்கையர்க்கரசி என்று முழுப் பெயரையும் போட்டேன்.

சேட் இரண்டு தடவை படித்தார். "ஏன் இப்படி எழுதினாய்?" அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கொழும்பு ஃபைலை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி பம்பாய் புரோக்கரே பார்த்துக்கொள்வாராம்.

பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

2002 செப்டம்பர் 27

ஆபீசுக்குப் போகும் வழியில் எஸ்.டி.டி. பூத்தில் இறங்கி அண்ணனுக்கு நானே போன் போட்டேன். "தப்பு என்னோடதுண்ணே. எதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"நீங்கள் மட்டுமே? நானும்தான் கேக்கேல்லை" என்றார். "பிள்ளை அழாதையுங்கோ. சரசுவதி பூசைக்கு முதல் கடலை வந்து சேந்தால் கச்சானை நான் வச்சுக்கொள்ளுறன். உங்கட முதலாளிக்குச் சொல்லுங்கோ."

ஓடிப்போய்ச் சேட்டிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் மத்தியானத்துக்குள் நூறு மூட்டைக் கொண்டைக்கடலை லாரியில் ஏறிவிட்டது. வியாபாரி வியாபாரிதான்.

2002 அக்டோபர் 12

கடலை புதன்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டதாம். அண்ணன் என் வீட்டு நம்பருக்கே கூப்பிட்டார். பள்ளிக்கூடங்களில் வாணி விழாவுக்கு அவித்துக் கொடுத்தாகிவிட்டது. கடைக்காரர்களுக்குப் பாதிதான் கொடுக்க முடிந்தது, முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். கச்சான் மலை மாதிரி அப்படியே கிடக்கிறது.

2002 நவம்பர் 14

நாள் முழுக்க மிளகாய் ஆர்டர் லெட்டர்கள் டைப் அடித்தேன். முதுகு வலி.

2002 டிசம்பர் 11

பம்பாய் புரோக்கர் கொழும்புக்கு மூன்று லெட்டர் போட்டுவிட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை என்று சேட் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு எங்கள் மேல் வெறுத்துப் போயிருக்கும். போகட்டும். வெறுக்காமல் என்ன செய்வார்?

2003 ஜனவரி 20, திங்கள்

மத்தியானம் ஃபேக்ஸ் மிஷின் கத்தியது. நான் எழுந்திருக்கவில்லை, அது இப்போது என் வேலை இல்லை. சேட்டே போய்க் காகிதத்தைக் கிழித்தெடுத்தார். அங்கேயே வெகுநேரம் நின்றார். பிறகு நேராக என் மேசைக்கு வந்து அதை வைத்தார்.

அண்ணன் கையெழுத்து. அனுப்பிய கச்சான் முழுவதும் போய்விட்டதாம். கோயில் திருவிழாக்களில் கடை போடுகிற வறுவல்காரர்கள் இப்போது இந்தத் தோல் நிறத்தைக் கேட்டு வருகிறார்களாம். "தங்கச்சி மங்கையர்க்கரசி பார்க்க: இரண்டு கண்டெய்னர் கச்சான், ஒரு கண்டெய்னர் கடலை." அதற்குக் கீழே இரண்டு படம். இடுப்பு ஒடுங்கிய காய் ஒன்று, மூக்கு நீட்டிய மணி ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்த மாதிரி.

சேட் முதல் படத்தின் மேல் விரலை வைத்தார். "மூங்ஃபலி?"

"ஹவ்."

இரண்டாவதன் மேல் வைத்தார். "சனா?"

"ஹவ், சேட்ஜி."

பதினான்கு வருஷத்தில் அவர் தானே படித்த முதல் தமிழ்க் கடிதம். மீசைக்குள் சிரித்த மாதிரித்தான் இருந்தது, சத்தியம் செய்ய மாட்டேன். உள்ளே போனார். கொழும்பு ஃபைலோடு திரும்பி வந்து என் முன்னால் வைத்தார். பதிலைத் தமிழிலேயே எழுதச் சொன்னார். நான் பேனாவைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அண்ணன் போட்ட படங்களைத் தட்டிக் காட்டி, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார்.