இணைச்சீருக்கு யாரை நிறுத்துவேன்?

என் செல்ல அக்காவுக்கு,

நித்யாவிடம் கேட்டுவிட்டேன். "அந்த அன்னூர்க்காரிகிட்டக் கேட்டுப்போட்டயா கண்ணு?" என்று பார்க்கும்போதெல்லாம் குடைவாயே, அதைத்தான். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். இங்கே இல்லை, வியட்நாமில்.

பெங்களூரில் இன்டர்வியூ என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். காலேஜைப் பாதியில் விட்டவனை எவன் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவான் என்று அப்பா கேட்கவே இல்லை. நீ போனதிலிருந்து அவர் எதையும் கேட்பதில்லை. டிவி ஓடும், அம்மாவும் அவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளூரில் கேட்காதே என்று சொன்னதும் நீதான். இங்கே கேட்டால் அவள் வாயைத் திறப்பதற்குள் சொந்தக்காரர்கள் பதில் சொல்லிவிடுவார்கள் என்றாய். அதனால் கடற்கரை, சாயங்கால வெயில் என்று பெரிதாகப் பிளான் போட்டிருந்தேன். அடித்தது பார் ஒரு மழை. கடைசியில் ஒரு நூடுல்ஸ் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே, பிளாஸ்டிக் ஸ்டூல்களுக்கு நடுவில், ஈரத்தரையில் முட்டி போட்டேன். கடைக்கார அம்மா கரண்டியும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்.

நித்யா சிரித்தாள். "எந்திரிங்க, பேன்ட்டெல்லாம் சேறாகுது. கட்டிக்கறதுன்னு நான் எப்பவோ முடிவு பண்ணிப்போட்டேன்" என்றாள். மோதிரத்தை என் கையிலிருந்து பிடுங்கி அவளே போட்டுக்கொண்டாள். நீ போனபிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த நிமிஷமே நம்மூர்ப் பெண்ணாகிவிட்டாள். மண்டபம் அன்னூரிலா கோயமுத்தூரிலா, யாரை முதலில் அழைப்பது என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவள் கேட்டாள்: "ஏனுங்க, இணைச்சீருக்கு யார நிறுத்தறது?"

அவளைத் தப்பு சொல்ல முடியாது. இணைச்சீர் இல்லாமல் நம் பக்கம் கல்யாணம் ஏது? மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் கல்யாணப்பெண்போலச் சிங்காரித்து நிறுத்துவார்கள். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். "உன்ற கல்யாணத்துல மொதப் பொண்ணு நாந்தான், நீயெல்லாம் எனக்கு அப்பறந்தான் அம்மணி" என்று நித்யாவிடமே நீ வம்பிழுக்கவில்லையா? போன ஆடியில் வெறும் காய்ச்சல் என்று படுத்தாய். வெறும் காய்ச்சலில் யாராவது போவார்களா?

நான் கிண்ணத்து நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தேன். நம் சித்தப்பா மகளை நிறுத்தலாம், கூடப்பிறந்தவள் இல்லாத வீடுகளில் அப்படித்தானே செய்கிறார்கள் என்று அவளே வழியும் சொன்னாள். கூடப்பிறந்தவள் இல்லாத வீடா நம் வீடு? அவள் முகத்தைப் பார்த்து, "அப்படியொரு கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

மோதிரத்தைக் கழற்றிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அக்கா போனது எனக்கும் வலிக்குது. ஆனா நான் உசுரோட இருக்கறேனுங்க" என்றாள். திரும்பி வரும்போது விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட். ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று மெசேஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சூலூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. வா என்கிறாளா, தொலைந்து போ என்கிறாளா? நீ இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாய்.

உன்னை எரித்துவிட்டு வந்த அன்றுகூட நீ இல்லை என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை, அக்கா. சேலையின் அந்த முனையை இன்னொருத்தி பிடித்தால், ஊர் முன்னால் நின்று அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது? செய்யாவிட்டால் நித்யாவும் இல்லை. நீயும் திரும்பி வரப்போவதில்லை.

உனக்குச் சத்தியம் செய்கிறேன். சனிக்கிழமையே அன்னூருக்குப் போவேன். சித்தப்பா மகளை நிறுத்தலாம் என்று என் வாயாலேயே சொல்வேன். சொல்லும்போது அழுதாலும் சொல்லி முடிப்பேன். அவள் வாசலோடு திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் வந்துவிடுவேன். எங்கே வருவது என்றுதான் தெரியவில்லை. அடிபட்டால் இதுவரை உன்னிடம்தானே வந்திருக்கிறேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி