ரிமோட்டைத் தரையில் வைத்தபோது

திருப்போரூர்,
ஞாயிறு மாலை.

அன்புத் தம்பி பார்த்திபனுக்கு,

அக்கா வரலட்சுமி எழுதுவது. நானும் கவியாவும் நலம். உன் மாமாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. லடாக்கில் உனக்குச் சிக்னல் கிடைப்பதே எப்போதாவதுதான். கிடைக்கும்போதும் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

போன லீவில் வந்தபோது நீ அவருக்கு வாங்கித் தந்த ரிமோட் காரைப் பற்றித்தான் விஷயம். ஞாயிறு ஆனால் நெம்மேலி ரோட்டுப் பக்கம் மனை போட்டு விற்காமல் கிடக்கும் இடத்துக்குப் போய்விடுவோம். ஒரு வீடுகூட எழும்பவில்லை. தார் ரோடு மட்டும் புதுக்கருக்கு அழியாமல் கிடக்கிறது. கொஞ்ச நாளாக அங்கே கார் நேராக ஓட மாட்டேன் என்கிறது. முன்சக்கரம் துடிக்கிறது. நெளிந்து நெளிந்து போய் ஓரத்து ஜல்லியில் மோதுகிறது.

"சிக்னல்லதான் இன்னாமோ பேஜாரு கீது வரா" என்று முதலில் காருக்குள் சிக்னல் வாங்குகிற ரிசீவரைச் சந்தேகப்பட்டார். பேட்டரி மாற்றினோம். ரிமோட்டையும் ரிசீவரையும் பிரித்து மறுபடி ஜோடி சேர்த்தோம். மோட்டார் வயரோடு ஒட்டிக் கிடந்த ஆன்டெனா வயரைத் தனியாக எடுத்துக் குழாயில் விட்டோம். துடிப்பு நிற்கவில்லை. அப்புறம் சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார் மேல் பழி விழுந்தது. சர்வோ என்கிறார் அதை. ரிமோட்டில் சக்கரத்தின் நேரைச் சரிசெய்கிற ட்ரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோவின் கையைக் கழற்றி, நடுவில் நிற்கிற மாதிரி மாட்டினோம். மாட்டினது நான்தான். அந்தப் பொடி ஸ்க்ரூ அவர் விரலில் நிற்கவில்லை. கண்ணாடி பவர் மாற்ற வேண்டும் என்றார். அதே கண்ணாடியில்தான் காலையில் பேப்பர் முழுக்கப் படித்தார்.

இன்று காரை ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்தோம், சக்கரம் நான்கும் அந்தரத்தில் நிற்கும்படி. ரிமோட்டை ரோட்டில் வைத்துவிட்டு அவர் தண்ணீர் பாட்டில் எடுக்க பைக் பக்கம் போனார். சக்கரங்கள் அசையவே இல்லை, பார்த்திபா. திரும்பி வந்து ரிமோட்டைக் கையில் எடுத்தார். துடிக்க ஆரம்பித்தன. ரிமோட்டில் இருக்கிற குட்டி ஸ்டீயரிங் மேல் அவர் வலது கை சும்மாதான் இருந்தது. கட்டை விரல் மட்டும் எதையோ உருட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

நீ ஓட்டிப் பார் என்று என்னிடம் நீட்டினார். தொட்டதுமே தெரிந்துவிட்டது, கார் சொன்ன பேச்சு கேட்கிறது என்று. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காரை ஜல்லியில் கொண்டுபோய் விட்டேன். "எனக்கும் துடிக்குதுங்க. அதோ தெரியுதே, அந்த செல்போன் டவராலதான் இருக்கும்" என்றேன். "நான்தான் சொன்னேன்ல!" என்று சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். கவியாவின் ரிப்போர்ட் கார்டில் அவர் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகிவிட்டது. யார் போட்டது என்று டீச்சர் கேட்டாராம். மறைமலைநகரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலது கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கிறது. வயது நாற்பத்தாறு.

கவியா மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்கிறாள் அல்லவா, சனிக்கிழமைகளில் அவளை ஈசிஆர் ரோட்டில் பைக்கில் கூட்டிப்போகிறவர் அவர்தான். அந்த ரோட்டில் கார்கள் வருகிற வேகம் உனக்குத் தெரியும். அவர் மனம் நோகக் கூடாது என்று ஒரு பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யின் பின்சீட்டில் என் மகள் உட்கார்ந்து போகிறாள்.

நீ சொன்னால் கேட்பார். எப்படிச் சொல்வாயோ தெரியாது. ஒரு வரி அவருக்கு எழுது.

உன் அக்கா,
வரலட்சுமி

⁂

திருப்போரூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பிக்கு,

உன் பதிலுக்கு நான் காத்திருக்க முடியாமல் போய்விட்டது.

சனிக்கிழமை காலை பைக் சாவியை ஒளித்து வைத்துவிட்டேன். எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். கவியா நேரமாகிறது என்று வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூடத்துக்குப் போய், காரை எடுத்து ஒரு பாத்திரத்தின் மேல் வைத்தார். ரிமோட்டைத் தரையில் வைத்தார். கையில் எடுத்தார். மறுபடி தரையில் வைத்தார்.

"இங்க வா வரா. அன்னிக்கே நீ பாத்துட்ட, இல்ல?"

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாத்துகினு டவர்னு சொன்ன."

"நீங்க சிரிச்சீங்களே" என்றேன்.

அவருக்கு ரொம்ப நாளாகவே தெரியும், பார்த்திபா. கம்பெனியில் நட்டு முடுக்குகிற வேலையைப் பக்கத்தில் நிற்பவர் சத்தமில்லாமல் செய்துகொடுக்கிறாராம். "காரு கெட்டுப்போயிருக்கணும்னு வேண்டிகினு இருந்தேன் வரா. காருன்னா ஸ்பேர் கெடைக்கும்ல" என்றார். பிறகு வாசலுக்குப் போய், "இனிமே அம்மா கூட பஸ்ல போ கண்ணு, அப்பாவுக்குக் கை சரியில்ல" என்று அவரே கவியாவிடம் சொன்னார். அவள் பை மாட்டியபடியே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடியிலும் அது ஆடிக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். பார்க்கின்சன் என்றார். முழுக்கப் போகாது, மாத்திரையாலும் பயிற்சியாலும் பல வருஷம் சமாளிக்கலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் டாக்டர் சொன்ன நல்ல வார்த்தைகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். "போதும்டி" என்றார், மெதுவாகத்தான்.

கம்பெனியில் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. சொன்னால் வேறு வேலை தருவார்களா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்ற பயம். அவர் தூங்குகிறாரா என்று நானும், நான் தூங்குகிறேனா என்று அவரும் பார்த்துக்கொள்கிறோம்.

நேற்று அவராகவே ரிமோட்டை எடுத்தார். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பலாம் என்பதைக் குறைக்கிற ஒரு செட்டிங் இருக்கிறதாம். அதைக் குறைத்துத் தெருவில் ஓட்டினார். துடிப்பு பாதிக்குப் பாதி அடங்கியது. ஆனால் மூலையில் முழுசாகத் திரும்பவில்லை. சாக்கடைக் கட்டையில் இடித்து நின்றது. நான் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று அவரே நடந்துபோய் எடுத்து வந்தார்.

உனக்கு எழுதுகிறேன் என்று இந்தத் தடவை அவரிடம் சொல்லிவிட்டேன். "எழுது. ஆனா அவன் பொலம்பிகினு வரக் கூடாது" என்றார். முடிந்தால் லீவைக் கொஞ்சம் முன்னால் கேள். வந்து அவரோடு சும்மா இரு, போதும்.

அங்கே பனி அதிகம் என்று செய்தியில் காட்டினார்கள். கையுறை இல்லாமல் வெளியே போகாதே. விரல் மரத்துப்போனால் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே, உடனே போய்க் காட்டு. நம் ஊர்க் கோயில் கந்தசாமி உன் இரண்டு கையையும் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
வரலட்சுமி