ரிஃபாய் கையில் கொடுத்தனுப்பும் தக்கை

கோட்டுச்சேரிமேடு
கார்த்திகை, மழை விட்ட மறுநாள்

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீ போனில் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று சொல்வதை அப்படியே நம்பிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதாசி எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டுவிடுகிறார், இல்லாவிட்டால் படம் அப்படியே நின்றுபோய் உன் வாய் திறந்தபடி கிடக்கிறது, அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். டவுனில் இருக்கும் நஜீபா அக்கா மகன் ரிஃபாய் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் கிளம்புகிறான், உன் ரூமுக்குப் பக்கத்துத் தெருதானாம். முறுக்கோடு கொஞ்சம் கருவாடும் கட்டிவைத்தேன், "கருவாடு மட்டும் வேணாம் சின்னம்மா, ஏர்போர்ட்ல மானம் போயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். முறுக்கு மட்டும் வருகிறது. கூட ஒரு பொட்டலம் இருக்கும், அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி, முழுதும் படித்துவிட்டுப் பிரி.

வீட்டில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. உன் அப்பா போன பிறகு நீயும் போனாய், அதிலிருந்து சின்னக் குண்டானில்தான் உலை வைக்கிறேன், அதிலும் மிஞ்சுகிறது. டிவியை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் இருக்கிறேன், உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும் என்று. மாங்கனித் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாய், தீபாவளிக்கு வருகிறேன் என்றாய். தீபாவளியன்று போன் செய்து "படகை வித்துடும்மா, சும்மா கெடந்து வீணாப் போவுது" என்றாய். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். படகும் போய்விட்டால் நீ திரும்பி வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்றுதான் எனக்கு ஓடியது. நான் இருக்கிறேன், ஆனால் அம்மாவைப் பார்க்கப் போனிலேயே முடிகிறதே.

படகு சும்மா கிடக்கிறது என்று உனக்கு யார் சொன்னது? ஐப்பசியில் ஒரு பெருமழை அடித்ததே, மறுநாள் கரைக்குப் போனால் உள்ளே முழங்கால் தண்ணீர். பின்பக்கத்து ஓட்டையை அடைக்கிற தக்கையைக் கழற்றி வீட்டில்தான் வைத்திருந்தேன், ஓட்டை திறந்துதான் கிடந்தது, அப்படியும் தண்ணீர் இறங்கவில்லை. பக்கத்துவீட்டுப் பூமிநாதன் சித்தப்பா சந்தைக்குப் போயிருந்தார். பொம்பளை படகில் கால் வைக்கக் கூடாது என்று உன் அப்பா இருந்தவரை நான் ஏறினதே இல்லை. யாராவது வருவார்கள் என்று நின்று பார்த்தேன், யாரும் வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். வெட்டின கேனால் மொண்டு மொண்டு ஊற்றிவிட்டு, அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடேயப்பா, அந்த நாற்றம். மணலும் செதிலும் நைலான் நூலும் இன்ஜின் எண்ணெயும் சேர்ந்து களியாகக் கிடந்தது. குறுக்குக் கட்டைகளுக்கு அடியில் தண்ணீர் பின்னால் ஓடுவதற்கு விட்டிருக்கிற வழி ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையை விட்டு வழித்து, ஈர்க்குச்சியால் குத்தி, சோப்புப் பொடி போட்டுத் தேய்த்தேன். அதற்குள் கரைக்கு வந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் "காசியக்கா கடலுக்குக் கெளம்பிருச்சிடோய்" என்று ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, முன்பக்கத்தத் தூக்கி வச்சாத்தான் தண்ணி பின்னால ஓடும்" என்று அணியத்துக்கு அடியில் பனங்கட்டை ஒன்று கொடுத்துத் தூக்கிவிட்டார். மழை மண்ணை அரித்து முன்பக்கம் இறங்கிப்போய் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து காலையில் கரைக்குப் போவது பழக்கமாகிவிட்டது. ஏ.சி. பெட்டியில் தண்ணீர் இறங்குகிற குழாயில் அழுக்கு அடைத்தால் வீடெல்லாம் ஒழுகும், அதைச் சுத்தம் பண்ணுவதுதான் என் வேலையே என்று ஒருநாள் சொன்னாயே, இங்கே நானும் அதையேதான் உன் படகுக்குப் பண்ணுகிறேன். பக்கெட் தண்ணீரை ஊற்றி அது சலசலவென்று ஓட்டை வழியாக மணலில் விழுவதைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைய பொழுது போய்விடும். பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாதபோது அதுவும் ஒரு துணைதான்.

போன வாரம் நீ போனில் சொல்லி அனுப்பிய கருப்பையன் படகை வாங்கப் பட்டினச்சேரியிலிருந்து வந்தார். நல்ல மனுஷர்தான். ஒரு குடம் தண்ணீரை அணியத்தில் ஊற்றச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் ஓட்டைக்கு நேராகக் குந்தினார். ஒரு சொட்டு எங்கேயும் தேங்கவில்லை, மொத்தமும் வந்து விழுந்தது. கையை உள்ளே விட்டுத் தடவி முகர்ந்துகூடப் பார்த்தார். "இவ்ளோ சுத்தமா ஒரு படக நான் பாத்ததில்லக்கா, நாளைக்கே கடல்ல எறக்கலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. நீ வந்தால் ஏறிப் போகட்டும் என்றுதானே தேய்த்தேன், நான் தேய்த்த தேய்ப்பிலேயே அதை விற்றுவிட்டேனே. விலையெல்லாம் உன்னோடு பேசியாகிவிட்டது என்று சொல்லி "தக்கையக் குடுங்கக்கா" என்று கையை நீட்டினார். தக்கை யார் வீட்டில் இருக்கிறதோ அவருடையதுதான் படகு, நம் கரையில் பிறந்த உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உன் அப்பா பூவரசங்கட்டையில் செதுக்கிய அதே தக்கை அப்போது என் முந்தானையில்தான் முடிந்திருந்தது. ஆனால் என் வாயில் வந்தது என்னவோ, "அது எம் மவன்கிட்டல்ல இருக்கு, மஸ்கட்ல" என்று.

அவர் என் முகத்தைப் பார்த்தார், முந்தானை முடிச்சையும் பார்த்தார். கடையில் ரப்பர் தக்கை கிடைக்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரிக்கா, தம்பி வரட்டும், தை வரைக்கும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சொன்ன வார்த்தை பொய்யாகப் போகக் கூடாது இல்லையா. அதனால்தான் தக்கையை ரிஃபாயிடம் கொடுத்தனுப்புகிறேன், பொட்டலத்தில் இருப்பது அதுதான். விற்க வேண்டும் என்றால் விற்றுவிடு, உன் படகு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் நீயே கொண்டுவந்து கருப்பையன் கையில் கொடு. கடலுக்குப் போவது என்றாலும் நீதான் கொண்டுவந்து போடவேண்டும். எதுவானாலும் ஒரு தடவை வா அப்பா. உன்னைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லை. இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அதுவரை ஓட்டை திறந்தே இருக்கட்டும், மழைத் தண்ணீர் தானாக இறங்கிப் போகும், அடைத்துக்கொண்டால் குத்திவிட நான் இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஏணியில் ஏறும்போது பார்த்து ஏறு. அம்பகரத்தூர் காளியம்மன் உனக்குத் துணையிருப்பாள், எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, தக்கையை ஏ.சி. ரூமில் வெறுமனே போட்டுவைக்காதே, மரம் காய்ந்து வெடித்துவிடும். ஈரத்துணியில் சுற்றி வை, துணி காயக் காய நனைத்துக்கொண்டே இரு, நீ கிளம்புகிற அன்றுவரைக்கும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
பா. காசியம்மா