லித்தியம் என்றுதான் சொன்னேன்

மக்கா,

நேற்று செம்பூரில் ஒரு இஸ்திரிக் கடையைத் தாண்டினேன். ஈரத்துணியில் சூடு பட்ட வாசம் வந்ததும் கால் நின்றுவிட்டது. தாராவியில் உன்னைப் போல் காலர் தேய்க்க ஆள் பிறக்கவில்லை. நீ தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஒரு மந்திரி பதவியேற்றார் என்று நான் சொல்லாத இடமில்லை. இன்றும் சொல்வேன்.

உனக்கு மனசு தறிகெட்டு ஓடி, தூக்கமே இல்லாமல், நீ வேலை பார்த்த தையல் கார்கானா முதலாளிக்கே வேலை ஏவினாயே, அப்போது மனநல வார்டில் கூட இருந்தவன் நான். லித்தியம் மாத்திரை ஆரம்பித்த அன்று சிஸ்டர் இந்தியில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் உனக்குச் சொன்னேன். தண்ணீர் நிறையக் குடிக்கணும். உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. வலி மாத்திரை தானாக வாங்கிப் போடக் கூடாது. வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே வரணும். பயிற்சிக்கு வந்த நர்ஸ் பிள்ளைகள் இதையே முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நான் ஒப்பித்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் எனக்கே வெள்ளைக் கோட்டு தைத்திருப்பார்கள்.

“ஏலே, நீ சொல்லுததுல பாதிதான் நான் நம்புவேன். இதுல எந்தப் பாதி?” என்றாய்.

மாத்திரை உன்னை நிலைக்குக் கொண்டு வந்தது. மகளுக்கு அம்பர்நாத்தில் மாப்பிள்ளை அமைந்தது. “மாத்திரை விஷயம் வெளிய போச்சுன்னா கல்யாணம் நின்னுரும்” என்றான் உன் மச்சான். நீயும் தலையாட்டினாய்.

அந்த மே மாசம் நான் கல்யாண் ஸ்டேஷன் பக்கம் வேலையாக இருந்தேன். உனக்கோ தகரக் கூரைக்குக் கீழே நீராவி. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் நீயே மாத்திரை வாங்கிப் போட்டாயாம். கை நடுங்கியதைப் பார்த்து, “காலையிலயே ஏத்தியாச்சா அண்ணே?” என்று பையன்கள் கேலி செய்தார்களாம். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன் நீ. சிரித்து ஒத்துக்கொண்டாயாம். குடிகாரன் என்றால் கல்யாணம் நிற்காது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது உனக்கு நாக்கு குழறியது. உன் தோளைத் தாங்கிக்கொண்டு நின்றவர் சம்பந்தி. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல மேடம். வெயிலு, பேதி” என்றான் மச்சான்.

“லித்தியம்” என்றேன் நான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெறும் பெயரைச் சொன்னால் என்னை யார் மதிப்பார்கள்? அது ஜெர்மனியிலிருந்து வருகிற சரக்கு, எழுதிய பெரிய டாக்டர் என்னைக் கேட்காமல் அளவைக் கூட்ட மாட்டார் என்றும் சேர்த்தேன்.

மச்சான் சிரித்தான். “இவர் பேச்சைக் கேக்காதீங்க மேடம். கதை விடுற ஆளு, ஏரியாவுக்கே தெரியும்.” சம்பந்தியும் சிரித்தார். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். உன் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் உனக்கு வலிப்பு வந்த பிறகு உன் மனைவியே டாக்டரம்மாவிடம் மாத்திரைப் பெயரை அழுதுகொண்டு சொன்னாள். லித்தியம் ரத்தத்தில் ஏறிப்போயிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முடிவு வந்தபோது நீ இல்லை.

கல்யாணம் தள்ளிப்போனாலும் நடந்தது. ஆயிரம் இலை விழுந்தது என்று நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். மச்சான் என் இலைக்குப் பாயசம் ஊற்றினான், முகத்தைப் பார்க்காமல்.

இப்போது நம் சந்தில் யாருக்கு முடியவில்லை என்றாலும் என்னைத்தான் கூட அழைத்துப் போகிறார்கள். ஆட்டோவிலேயே கேட்டுவிடுவேன்: “என்ன மாத்திரை சாப்பிடுதாரு? வெக்கப்படாம எங்கிட்டச் சொல்லு.” சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் மேஜைக்கு முன்னால் அந்தப் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். அடுத்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும். நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.