ஒரு லிட்டர் பாட்டில்

சென்னை
3.6.2024

அன்புள்ள ஜெயராணி,

எப்படி இருக்கிறாய்? மதலைமுத்து அண்ணனுக்கு முதுகுவலி விட்டதா, பெயின்ட் வேலைக்குப் போகிறாரா? போன் இருக்கும்போது இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. என்னுடையது கம்பெனி கொடுத்த போன். அதில் எதைப் பேசினாலும் மேலே தெரிந்துவிடுமோ என்று பயம். நீயும் ஹாஸ்டல் விலாசத்துக்கே எழுது.

அடுத்த வாரம் நம் செஞ்சி ஷூ ஃபேக்டரியில் எல்லோருக்கும் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். வேலை பிடித்திருக்கிறதா, மரியாதையாக நடத்துகிறார்களா, உன் தங்கையை இங்கே வேலைக்கு வரச் சொல்வாயா என்றெல்லாம் கேள்விகள். கடைசியில் மனதில் உள்ளதை எழுத அரைப் பக்கம் காலியாக இருக்கும். மதிப்பெண் நன்றாக வந்தால் வெளியிலிருந்து 'வேலை செய்ய நல்ல இடம்' என்று சான்றிதழ் தருவார்கள். தையல் லைனிலிருந்து ஹெச்.ஆருக்கு வந்தபிறகு என்னை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வேலை இது.

போன வருஷம் எல்லோரும் சிரிக்கிற முகத்தில் டிக் அடித்துவிட்டுக் காலி இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நீ உண்மையை எழுது. உன்னைப் பார்த்து மற்றவர்களும் எழுதுவார்கள். பெயர் போட வேண்டாம். ஃபாரங்களைப் போடும் பெட்டிக்கு சீல் வைத்து நேராக என் மேஜைக்கு அனுப்புவார்கள், அங்கே யாரும் பிரிக்க முடியாது. என்னை நம்பு.

உன்
அன்புக்கரசி


+
செஞ்சி
16.6.2024

என் அன்புக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறார், முதுகைப் பிடித்துக்கொண்டே திரும்பி வருகிறார்.

சென்னைக்குப் போனதும் பிள்ளையார் சுழியை விட்டுவிட்டாயா? லீவ் லெட்டரில்கூடப் போடுவாயே! நான் மாறவில்லை. மளிகைச் சீட்டு எழுதினாலும் தலையில் சிலுவை போடாமல் எனக்குக் கை ஓடாது.

ஃபாரம் எழுதிப் போட்டுவிட்டேன். உன் மெஷினில் இப்போது கலைவாணி என்று தொண்டூர்ப் பெண் உட்காருகிறாள். முழுகாமல் இருக்கிறாள். லைன் முழுவதற்கும் இன்னும் அதே ஒரு டோக்கன்தான். அது ஆணியில் தொங்கினால்தான் பாத்ரூம் போகலாம். அன்றைக்கு டோக்கன் திரும்பி வருவதற்குள் பாவம், உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் தாண்டவராயன் எல்லோர் எதிரிலும், "இன்னாம்மா, வர்றப்பவே தண்ணிய கொஞ்சமா குடிச்சிட்டு வரக்கூடாதா?" என்கிறார். மறுநாளிலிருந்து அவள் ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீரைத் தொடுவதில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு!

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீயும் டோக்கனுக்குக் காத்திருந்து கறையோடு நின்றாய். நான் உன் முதுகோடு ஒட்டிக்கொண்டு பாத்ரூம்வரை நடந்தேன்.

எல்லாவற்றையும் எழுதினேன். யார் பெயரையும் எழுதவில்லை. தங்கையை வரச் சொல்வேனா என்ற இடத்தில் 'மாட்டேன்' என்று போட்டேன். பக்கத்து மெஷின் வள்ளியம்மாள், "இன்னாடி இவ்ளோ எழுதற, பரீட்சையா?" என்றாள். "படிக்கப்போறது நம்ம அன்புடி" என்றேன். அவளும் என்னிடம் பேனா வாங்கி எழுதினாள்.

உன்
ஜெயராணி


+
செஞ்சி
12.7.2024

என் அன்புக்கு,

பதில் இல்லையே, உடம்புக்கு ஏதாவதா?

என்னைத் தையலிலிருந்து எடுத்துப் பசை ஒட்டுகிற பிரிவில் போட்டுவிட்டார்கள். அந்த நெடியில் தலை சுற்றுகிறது. சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் கோட்டையைத் தாண்டி வருவதுகூடத் தெரியாமல் கிடக்கிறேன். ஏன் மாற்றினீர்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "கம்பெனி பேர கெடுத்து எழுதினது நீதானேம்மா" என்றார்.

பெட்டியை வழியில் யாராவது பிரித்தார்களா? சீல் சரியாக இருந்ததா, பார்த்துச் சொல். வள்ளியம்மாள் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டாளாம். கெட்டிக்காரி.

என்னைப் பற்றிக்கூட இல்லை. என்னை எழுதச் சொன்னது நீ என்று தெரிந்தால் உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்றுதான் கவலை. நீ சொல்லித்தான் எழுதினேன் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை, பயப்படாதே.

உன்
ஜெயராணி


சென்னை
2.9.2024

அன்புள்ள ஜெயராணி,

வேலைமேல் வேலை, உடனே எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

சான்றிதழ் வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு! மேலே எல்லோருக்கும் என்மேல் சந்தோஷம். பெட்டியை யாரும் பிரிக்கவில்லை, சீல் அப்படியே இருந்தது. நீயும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம். பெயர் வேண்டாம் என்று அவ்வளவு சொன்னேன், ஃபாரத்தின் தலையில் சிலுவை போட்டு வைத்தால்? அந்த லைனில் உன்னைத் தவிர யார் சிலுவை போடுவார்கள்? என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பார்.

பசைப் பிரிவு கொஞ்ச நாளைக்குத்தான், நான் பேசுகிறேன். சான்றிதழ் வாங்கியதற்காகத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் கம்பெனி பெயர் போட்ட ஸ்டீல் பாட்டில் தருகிறோம், ஒரு லிட்டர் பிடிக்கும். நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தது. உனக்கு மட்டும் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன்
அன்புக்கரசி


+
செஞ்சி
20.9.2024

மதிப்பிற்குரிய அன்புக்கரசி மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் பார்சலும் கிடைத்தன.

ஃபாரத்தில் சிலுவை போட்டதே எனக்கு நினைவில்லை. பழக்கத்தில் கை போட்டிருக்கும். மேனேஜர் சிலுவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் உங்களுக்கு எழுதவில்லை. சீல் உடையாத பெட்டியைத் திறந்தது நீங்கள். என் சிலுவையைப் பார்த்ததும் இது இன்னார் என்று சொல்லக்கூடியவர் அந்த மேஜையில் வேறு யாரும் கிடையாது. யார் எழுதியது என்று மேலே கேட்டிருப்பார்கள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கு ஆபத்து வருமோ என்று நான் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

வேலையை விட்டுவிட்டேன். சிங்கவரத்தில் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகிறேன். கூலி குறைவு, வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதை நல்ல இடம் என்று சொல்லமாட்டேன். எழுந்து போக யாரையும் கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பாட்டிலைக் கலைவாணியிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவளுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்களாம். தினமும் காலியாகத்தான் எடுத்துப் போகிறாள். அதனால் என்னுடையதை உங்களுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் ஆபீஸில் டோக்கன் இல்லையே. நீங்கள் நிறையத் தண்ணீர் குடிக்கலாம்.

இப்படிக்கு,
ம. ஜெயராணி