அண்ணனுக்காகக் கரைத்த வெல்லம்

நைனா,

இன்று அமாவாசை. காலையில் திருவள்ளூர் மளிகைக் கடையில் வெல்ல வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபமும் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "புள்ளைக்கு படிப்பே ஏற மாட்டேங்குது. கொளத்துல வெல்லம் கரைச்சா சரியாப் பூடும்" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீயே திரும்பி வந்து பேசுவதுபோல் இருந்தது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அண்ணன் ஊத்துக்கோட்டையில் பத்தாவது படித்தபோது எல்லாப் பரீட்சையிலும் முதல் மார்க். பிராக்ரஸ் ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டினாயே! அப்போதே அவன் சரியாகத் தூங்குவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவான். அம்மா உன்னிடம் சொன்னாள். "படிக்கிற புள்ள அப்பிடித்தான் இருக்கும், நீ சும்மா கெட" என்றாய். நாற்று லேசாகப் பழுத்தாலே வரப்பில் குந்தி வேரைப் பார்க்கிறவன் நீ. மார்க் வந்துகொண்டிருந்தவரை உன் பிள்ளையைப் பார்க்கத் தோன்றவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். கொழுப்பு என்று அறைந்தாய். பிறகு யாரோ சொன்னார்கள் என்று அமாவாசைக்கு எங்கள் இருவரையும் பஸ்ஸேற்றி இதே திருவள்ளூர்க் கோயில் குளத்துக்குக் கூட்டி வந்தாய். நோய் தீர வேண்டி ஊரே அங்கே வெல்லம் கரைக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. அண்ணனும் கரைத்தான். பிறகு படியில் உட்கார்ந்தபடி மெதுவாகச் சொன்னான்:

"பயமா கீது நைனா. ஏன்னே தெரில."

அந்த வயசில் அதை வாய்விட்டுச் சொல்ல அவன் என்ன பாடு பட்டிருப்பான்! நீயோ யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தாய்.

"ஆம்பளப் புள்ளைக்கு இன்னாடா பயம்? அதான் கரைச்சாச்சுல்ல. இனிமே இத வெளிய சொல்லிக்கினு திரியாத."

சொன்னபடி கேட்டான். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க்கோடு தேறினான். பையன் குணமாகிவிட்டான் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டாய். என்ன குணம்? மார்க் திரும்பி வந்தது, அண்ணன் வரவில்லை. மேலே படி என்றதற்கு மாட்டேன் என்று தலையாட்டினான், காரணம் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்ததும் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணப் பேச்செடுத்தால் இன்றைக்கும் எழுந்து போய்விடுகிறான். அவன் வாயாரப் பேசி நான் கேட்டு வருஷங்களாகின்றன.

போன வருஷம் படுக்கையில் மூச்சு வாங்கியபோது, "பயமா கீதுடா" என்று அவன் கையைப் பிடித்தாய். அவன் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நீ போகும்வரை பிடித்த கையை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு உன்மேல் கோபமே இல்லை, நைனா. அவனுக்கு வந்திருக்க வேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன். அதை இறக்கி வைக்கிற எண்ணம் எனக்கில்லை.